வலைக்காரர் முடிச்சும் ஏட்டு முடிச்சும்

ஒரு கயிறு எட்டாத இடத்துக்கு இன்னொரு கயிற்றை முடிந்து நீட்டுவது மனிதர்கள் கற்ற மிகப் பழைய வேலைகளில் ஒன்று. கிணற்றில் நீர் இறங்கினால் தாம்புக்கயிற்றோடு ஒரு துண்டு கூட்ட வேண்டும். தறியில் இழை அறுந்தால் பாவு கெடாமல் அதைச் சேர்க்க வேண்டும். வலை பின்னுகிறவரின் ஊசியில் நூல் தீர்ந்தால் அடுத்த நூலை அதே இடத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு வேலைகளைத் தாங்கிய முடிச்சுக்கு எழுதப்பட்ட வரலாறு மிகச் சிறியது. எழுதப்பட்டதிலும் பெரும்பகுதி வேறொரு முடிச்சைப் பற்றியது. அந்த முடிச்சை நூல்களும் நகைகளும் சடங்குகளும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சுமந்து வந்தன. மற்றொன்றை வேலை செய்தவர்களின் விரல்கள்தான் சுமந்தன. இரண்டு கயிறுகளை இணைக்க இந்த இரண்டில் உகந்தது விரல்கள் சுமந்து வந்ததுதான்; ஆனால் பெயரும் புகழும் ஏட்டு முடிச்சுக்கே சேர்ந்தன. இரு கயிற்றை இணைக்கும் அறிவு ஏடுகளால் அல்ல, தவறு செய்தால் உடனே நட்டம் வந்து நிற்கும் தொழில்களால்தான் காப்பாற்றப்பட்டது என்று சொல்லப் போதுமான சான்றுகள் இருக்கின்றன.

முதலில் புகழ்பெற்ற முடிச்சைப் பார்ப்போம். பழைய உலகம் அதை ஹெர்குலிஸ் முடிச்சு என்றது. கப்பல்காரர்கள் பிற்பாடு ரீஃப் முடிச்சு என்றார்கள். தட்டையாக, நான்கு மூலையாக விழுவதால் சதுர முடிச்சு என்றும் பெயர் உண்டு. கி.மு. 4, 3ஆம் நூற்றாண்டுகளின் கிரேக்கப் பொற்கொல்லர்கள் பெண்கள் தலையில் சூடும் பொன்பட்டங்களின் நடுவில் இந்த முடிச்சின் வடிவத்தை வைத்து, அதைச் சுற்றிக் கல் பதித்தார்கள். அதற்கும் முன்பே எகிப்தில் அது காப்புத் தாயத்தின் வடிவமாக இருந்தது. ரோமானியத் திருமணத்தில் மணமகளின் இடுப்புக் கச்சை இந்த முடிச்சால் கட்டப்பட்டது, அதை மணமகன் அவிழ்ப்பது வழக்கம் என்று ரோமானிய எழுத்தாளர் ஃபெஸ்டஸ் குறித்துவைத்திருக்கிறார். காயத்துக்கு இந்த முடிச்சைப் போட்டுக் கட்டினால் புண் விரைவாக ஆறும் என்ற நம்பிக்கையை 1ஆம் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி பதிவு செய்தார். அதே நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் ஹெராக்லாஸ் என்ற கிரேக்க மருத்துவர், எலும்பு முறிவுக்கும் அறுவை சிகிச்சைக்கும் பயன்படும் 18 முடிச்சுகளையும் சுருக்குகளையும் போடும் முறையைச் சொற்களிலேயே விளக்கினார். 4ஆம் நூற்றாண்டில் ஜூலியன் பேரரசரின் மருத்துவராக இருந்த ஒரிபாசியஸ் தன் பெரும் மருத்துவத் தொகுப்பில் அதைச் சேர்த்ததால் அது நமக்குக் கிடைத்தது. முடிச்சுகளைப் பற்றி ஐரோப்பியப் பழமையிலிருந்து எஞ்சியிருக்கும் விரிவான நூல் இது. ஹெர்குலிஸ் முடிச்சும் அதில் இருக்கிறது.

இந்தச் சான்றுகள் அனைத்தும் ஒரே வகையான வேலையைக் காட்டுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். கச்சை இடுப்பைச் சுற்றுகிறது, கட்டுத்துணி கையையோ காலையோ சுற்றுகிறது. அங்கே இருப்பது ஒரே கயிறு; அதன் இரண்டு நுனிகள் ஒரு பொருளைச் சுற்றிவந்து சேருகின்றன. நம் ஊர்த் தாலிக்கயிற்றில் விழும் மூன்று முடிச்சும் இந்த வகை வேலையைத்தான் செய்கின்றன. சுற்றப்பட்ட பொருள் முடிச்சைப் பின்னாலிருந்து தாங்குகிறது, கயிறு நழுவாதபடி உராய்வு தருகிறது. இரண்டு தனிக் கயிறுகளை முடிந்து, ஒரு முனையில் பாரத்தைத் தொங்கவிட்டு மறுமுனையை இழுக்கும்போது இந்தத் தாங்கல் எதுவும் கிடையாது. முடிச்சு அந்தரத்தில், தன் பலத்தில் நிற்க வேண்டும். கட்டும் முடிச்சு வேறு, இணைக்கும் முடிச்சு வேறு என்று தொழில் தெரிந்தவர்கள் பிரித்துப் பார்ப்பது இதனால்தான். ஏட்டில் மட்டும் முடிச்சைக் கண்டவருக்கு இரண்டிலும் தெரிவது இரண்டு நுனிகள் சேரும் படம்தான்.

ஹெர்குலிஸ் முடிச்சின் குணத்தைக் கையில் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். வலது நுனியை இடது நுனியின் மேல் போட்டு ஒரு முறுக்கு, பிறகு இடதை வலதின் மேல் போட்டு இன்னொரு முறுக்கு. இழுத்தால் தட்டையான, அழகான முடிச்சு விழும். ஒரு கயிற்றின் குட்டை நுனியைப் பிடித்து, முடிச்சிலிருந்து வெளிப்பக்கமாக, அதே கயிற்றின் நீண்ட பகுதிக்கு எதிர்த்திசையில் வெடுக்கென்று இழுங்கள். அந்தக் கயிறு நேராகிவிடும். மற்றக் கயிறு அதன் மேல் இரண்டு வெறும் சுற்றுகளாக உட்கார்ந்திருக்கும். விரலால் தள்ளினால் அந்தச் சுற்றுகள் நுனிவரை வழுக்கிக் கழன்றுவிடும். கப்பல்காரர்களுக்கு இது குறை அல்ல, வசதி. காற்று மிகும்போது பாயின் ஒரு பகுதியைச் சுருட்டிச் சிறு கயிறுகளால் கட்டுவார்கள். காற்று தணிந்ததும் ஒரு வெட்டு இழுப்பில் அவிழ்க்க வேண்டும். அதற்கு இதைவிட ஏற்ற முடிச்சு இல்லை. ஆனால் அந்தக் குணமே, ஆள் தொங்கும் கயிற்றில் பாறை விளிம்பிலோ கப்பல் பக்கவாட்டிலோ ஒரு நுனி சிக்கி இழுபட்டால், உயிரைக் குடிக்கும் குணமாக மாறிவிடும்.

மற்றொன்றை வலை முடிச்சு என்று அழைப்போம். ஒரு கயிற்றின் நுனியை மடக்கி ஒரு வளைவு செய்துகொள்ள வேண்டும். இரண்டாவது கயிற்றின் நுனியை அந்த வளைவுக்குள் அடியிலிருந்து மேலே எடுத்து, வளைவின் இரண்டு கால்களையும் பின்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி, தன் கயிற்றுக்கே அடியில் நுழைத்து இழுக்க வேண்டும். இவ்வளவுதான். பாரம் ஏற ஏற, வளைவும் அதைச் சுற்றிய கயிறும் ஒன்றையொன்று நசுக்கி இறுகுகின்றன. வேலை முடிந்ததும் வளைவின் வளைந்த பக்கத்தைக் கட்டைவிரலால் பின்னுக்குத் தள்ளினால் இளகிக்கொடுக்கிறது. பருமன் வேறுபட்ட இரண்டு கயிறுகளையும், தடித்ததை வளைவாக மடக்கி, இதனால் இணைக்கலாம். வலையின் ஒவ்வொரு கண்ணிலும் விழுவது இந்த முடிச்சுதான். நெசவாளர்கள் அறுந்த இழையைச் சேர்க்கப் போடுவதும் விரல்வாகு மட்டும் மாறிய இதே அமைப்புதான். ஒரு நடுத்தர வலையில் இது ஆயிரக்கணக்கில் விழுகிறது. பின்னும்போது கண்ணளவுக்கு ஒரு சட்டத்தை இடது கையில் பிடித்து, நூல் சுற்றிய வலை ஊசியை மேல்வரிசைக் கண்ணுக்குள் விட்டு இழுத்து, கட்டைவிரலால் அந்த இடத்தை அழுத்திக்கொண்டு, ஊசியைப் பின்னால் சுற்றி இறுக்க வேண்டும். கட்டைவிரல் அழுத்தம் ஒரு கணம் தளர்ந்தால் முடிச்சு வளைவிலிருந்து கீழே நழுவி, கண் கோணலாகிவிடும். அனுபவமுள்ளவர்கள் கண்ணால் பார்த்து அல்ல, இறுகும்போது விரலில் படும் சிறு சொடுக்கால்தான் முடிச்சு சரியாக விழுந்ததா என்று அறிகிறார்கள்.

முடிச்சிட்ட வலைக்கு மிகப் பழைய சான்றுகளில் ஒன்று, 1913ஆம் ஆண்டு ஃபின்லாந்துக்கு உட்பட்டிருந்த, இன்று ரஷ்யாவில் இருக்கும் ஆந்திரேயா வட்டாரத்தில் புல்வெளியில் வாய்க்கால் வெட்டியபோது கிடைத்தது. வில்லோ மரப்பட்டை நாரால் பின்னிய அந்த வலை சுமார் 30 மீட்டர் நீளம். பைன் பட்டையாலான மிதப்புகளும் கல் குண்டுகளும் அதோடு கிடந்தன. கரிமக் கணிப்பு அதை ஏறத்தாழ கி.மு. 8300 என்கிறது. அதன் முடிச்சு நான் மேலே விவரித்ததோடு அச்சாக ஒத்ததல்ல, அந்த வட்டாரத்தார் அண்மைக்காலம் வரை போட்டுவந்த வேறொரு வலை முடிச்சு. ஆனால் அதன் வேலை ஒன்றுதான். 1850களில் சுவிட்சர்லாந்தின் ஏரிக்கரைகளில் வெளிப்பட்ட புதிய கற்காலக் குடியிருப்புகளில், குறிப்பாக ரோபன்ஹவுசனில், ஆளிச்செடி நூலால் பின்னிய வலைத்துண்டுகள் சேற்றில் கெடாமல் கிடைத்தன. முடிச்சுகளின் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் இன்றைய வலை முடிச்சை அந்தக் காலத்து வலைகளிலேயே அடையாளம் கண்டிருக்கிறார்கள். ஆக, கிரேக்கப் பொற்கொல்லர் ஹெர்குலிஸ் முடிச்சைப் பொன்னில் வார்ப்பதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே, ஏரிக்கரையில் யாரோ சிலர் இணைக்கும் முடிச்சைத் தேர்ந்த கையோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நார் மக்கிப்போகும் பொருள் என்பதால் அவர்களுடைய வேலையில் பெரும்பங்கு நமக்குக் கிடைக்கவும் கிடைக்காது.

எழுத்தின் மௌனம் கப்பல்காலத்திலும் தொடர்ந்தது. வர்ஜீனியாக் குடியேற்றத்தால் பெயர்பெற்ற கேப்டன் ஜான் ஸ்மித் 1627இல் வெளியிட்ட கடற்பயண நூலில் பெயர்சொல்லிக் குறிப்பிடும் முடிச்சுகள் மூன்றே. நுனி பிரியாமல் போடும் குமிழ் முடிச்சு, கழலாத வளையம் தரும் முடிச்சு, கயிற்றைக் குறுக்கும் முடிச்சு ஆகியவை அவை. அந்தப் பட்டியலில் இரண்டு கயிறுகளை இணைக்கும் முடிச்சு இல்லை. வலை முடிச்சுக்குக் கப்பல்காரர்கள் வைத்த ஷீட் பெண்ட் என்ற பெயர் அச்சில் தென்படுவது 1794இல் டேவிட் ஸ்டீல் வெளியிட்ட பாய்மரக் கயிற்றுவேலை நூலில். அதற்கு முன் ஆங்கில மாலுமிகளுக்கு அந்த முடிச்சு தெரியாது என்று இதை வைத்து முடிவுகட்டினால் அது அபத்தம். ஒவ்வொரு துறைமுகத்திலும் வலை உலர்ந்துகொண்டிருந்தது. எழுதியவர்கள் அதிகாரிகளும் பதிப்பாளர்களும். மாலுமிச் சிறுவனுக்கு முதல் வாரத்திலேயே கைவந்துவிடும் ஒன்றை எழுதிவைக்க வேண்டும் என்ற தேவை அவர்களுக்குத் தோன்றவில்லை.

ஏட்டில் எழுதியபோதும் முடிச்சு அங்கே பத்திரமாக இருந்ததா என்பதற்கு ஹெராக்லாஸின் நூலே பதில் சொல்கிறது. மறுமலர்ச்சிக் காலத்தில் அந்த உரைக்குப் படம் வரைந்தவர்கள் நல்ல ஓவியர்கள். ஆனால் பல படங்கள் உரை சொல்லும் முடிச்சோடு பொருந்தவில்லை. சொற்களைப் படித்து, கயிற்றைக் கையில் எடுக்காமல் வரைந்ததன் விளைவு அது. உரையை முன்னால் வைத்துக் கயிற்றோடு உட்கார்ந்து முடிந்து பார்த்த 20ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்கள்தான் அவர் என்ன சொன்னார் என்பதை மீட்டார்கள். அப்போதுதான் அவற்றில் ஒன்று முடிச்சே அல்ல, கைவிரல்களில் நூலைக் கோத்துச் செய்யும் நூல்விளையாட்டு வடிவம் என்பதும் தெரியவந்தது. முடிச்சு தெரிந்த கை இல்லாவிட்டால் முடிச்சைப் பற்றிய ஏடு ஊமை.

தொழிலின் தீர்ப்பு எவ்வளவு கறாரானது என்பதற்கு எனக்குத் தெரிந்தவரை மிகச் சிறந்த சான்று ஸ்காட்லாந்தின் மஸல்பரோ ஊரிலிருந்து வருகிறது. பீப்பாய் செய்யும் தொழிலாளியாக இருந்து, ராணுவத்தில் சேர்ந்து, வாட்டர்லூ போருக்குப் பிறகு ஊர் திரும்பிய ஜேம்ஸ் பேட்டர்சன், 1820 வாக்கில் அங்கே வலை பின்னும் இயந்திரத்தை ஓட்டத் தொடங்கினார். இயந்திரம் வேகமாக ஓடியது, வலையும் வலை போலவே இருந்தது. ஆனால் அது போட்ட முடிச்சு கையால் போடும் முடிச்சு அல்ல, நழுவும் முடிச்சு. மீன் மாட்டி இழுக்கும்போது முடிச்சு நகர்ந்தால் கண்ணின் அளவு மாறிவிடும். ஒரு கண் விரிந்து மீன் தப்பும், பக்கத்துக் கண் சுருங்கி வீணாகும். அதே ஊரைச் சேர்ந்த வால்டர் ரிச்சி, கைமுடிச்சையே இயந்திரம் போடும்படியான வழியைக் கண்டுபிடித்து 1835இல் காப்புரிமை பெற்ற பிறகுதான் இயந்திர வலைக்கு வாழ்வு வந்தது. நீராவி யுகத்தின் பொறியாளர்கள் இங்கே முடிச்சைத் திருத்தி அமைக்கவில்லை. கற்காலத்து விரல்கள் போட்ட முடிச்சுக்குத் தங்கள் இயந்திரத்தைத் திருத்தி அமைத்தார்கள். இயந்திரம் வந்ததும் கைவேலை காலாவதியாயிற்று என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மஸல்பரோவில் கைவேலைதான் இயந்திரத்துக்கு அளவுகோல் ஆனது.

நெசவிலும் இதுவே நடந்தது. முடிச்சு பருமனாக இருந்தால் விழுதிலோ அச்சுப் பற்களிலோ சிக்கி இழை மறுபடி அறும். சிறிதாகவும் இளக்கமாகவும் இருந்தால் அங்கேயே அவிழும். நெசவாளர் முடிச்சு இந்த இரண்டு பக்கமும் தப்பிக்கிறது. ஆனாலும் பல கைத்தறிகளில், தீர்ந்த பாவின் வாலோடு புதிய பாவைச் சேர்க்கும்போது முடிச்சே போடாமல், சாம்பல் தொட்ட விரலால் ஒவ்வோர் இழையாக முறுக்கிப் பிணைக்கிறார்கள். விழுதின் கண்ணுக்குள் எது போகும், எது போகாது என்ற கணக்கு அந்த விரல்களில் இருக்கிறது. நூற்பாலைகள் பெருகிய 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் பார்பர் கோல்மன் போன்ற நிறுவனங்கள் உள்ளங்கையில் மாட்டிக்கொண்டு கட்டைவிரலால் அழுத்தினால் முடிச்சு விழும் சிறு கருவியைச் செய்தன. கோயம்புத்தூர், ராஜபாளையம் ஆலைகளின் கோன் வைண்டிங் பகுதியில் நின்று அறுந்த நூலைச் சேர்த்தவர்களும் இந்த நாட்டர் கருவியைக் கையில் மாட்டிக்கொண்டுதான் நாளெல்லாம் நின்றார்கள். அந்த இரும்புக் கருவி போட்டதும் மீன்வலையின் முடிச்சையோ அதன் நெருங்கிய உறவையோதான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இரண்டு நூல்களைச் சிக்கவைக்க எளிய வழிகள் சிலவே இருக்கின்றன. கயிறு வைத்திருக்கும் எந்தச் சமூகமும் சில நாள் முயன்றால் வலை முடிச்சைத் தானாகக் கண்டுகொள்ளும். ஆகவே அது பழமையானது என்பதால் கைமாறி வந்த அறிவு என்று சொல்ல முடியாது. இந்த மறுப்பு பெருமளவு சரியானதே. ரோபன்ஹவுசனில் வலை பின்னியவரிடமிருந்து மஸல்பரோ வரை ஒரே குருசீடச் சங்கிலி ஓடியது என்று நான் சொல்லவில்லை. அதற்குச் சான்று இல்லை. பல இடங்களில் பலமுறை தனித்தனியாக அது கண்டுகொள்ளப்பட்டிருக்கலாம். ஆனால் மறுப்பு விளக்காத ஒன்று இருக்கிறது. ஹெர்குலிஸ் முடிச்சும் அதே அளவு எளியது, அதைவிட முதலில் கைக்கு வருவது. அப்படியிருந்தும் வலை பின்னிய மக்களும் நெசவு நெய்த மக்களும் அதில் நின்றுவிடாமல் மற்றொன்றைத் தேர்ந்தார்கள். கண்டுபிடிப்பது தற்செயலாக நடக்கலாம். கழித்துக்கட்டுவது தற்செயலாக நடக்காது. நழுவிய ஒவ்வொரு முடிச்சும் ஒரு மீனையோ ஒரு முழத் துணியையோ கொண்டுபோயிற்று. ஹெர்குலிஸ் முடிச்சைப் புகழ்ந்து எழுதியவர்கள் யாரும் அதில் எதையும் இழக்கவில்லை.

இன்னொரு மறுப்பையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். ஹெர்குலிஸ் முடிச்சால் கயிறுகளை இணைத்தவர்கள் அத்தனை பேரும் விழுந்துவிடவில்லையே? தேங்காய் நார்க் கயிறும் சணல் கயிறும் சொரசொரப்பானவை. அவற்றில் தவறான முடிச்சும் ஓரளவு நிற்கும், விறகுக்கட்டுக்கு அது போதும். உண்மைதான். ஆகவேதான் அந்தத் தவறு இத்தனை காலம் பிழைத்தது. 1908இல் பேடன் பவல் வெளியிட்ட சாரணர் கையேடு இரண்டு கயிறுகளைச் சேர்க்க ரீஃப் முடிச்சையும் கற்பித்தது, ஷீட் பெண்டையும் கற்பித்தது. ஆனால் உலகச் சாரணர் சின்னத்தைச் சுற்றி ஓடும் கயிற்றில் இடம்பிடித்தது ரீஃப் முடிச்சு. கோடிக்கணக்கான சிறுவர் சிறுமியருக்கு முடிச்சு என்றால் முதலில் நினைவுக்கு வருவதும் அதுவே. சின்னத்தில் அது பொருத்தம்தான், ஏனென்றால் அங்கே ஒரே கயிறு ஒரு வட்டத்தைச் சுற்றிக் கட்டுகிறது. தவறு சின்னத்தில் இல்லை, அதைப் பார்த்து இரண்டு கயிறுகளை நம்பி இணைப்பதில் இருக்கிறது. திமிங்கில வேட்டைக் கப்பலில் சென்றுவந்தவரும் ஓவியருமான கிளிஃபர்ட் ஆஷ்லி, 3,800க்கும் மேற்பட்ட பதிவுகள் கொண்ட தன் முடிச்சுக் களஞ்சியத்தை 1944இல் வெளியிட்டபோது, இணைக்கும் முடிச்சாகத் தவறாகப் பயன்பட்டதால் ரீஃப் முடிச்சு வாங்கிய உயிர்கள் வேறு எந்த ஆறு முடிச்சுகளும் சேர்ந்து வாங்கியவற்றைவிட அதிகமாக இருக்கும் என்று எச்சரித்தார். அவர் கணக்கெடுத்துச் சொல்லவில்லை. மாலுமிகள், மரமேறிகள், கசாப்புக்காரர்கள் என்று பல தொழிலாளரிடம் கேட்டுத் திரிந்தவரின் மதிப்பீடு அது. அதற்கு உரிய எடையை நான் தருகிறேன்.

ஆய்வகம் இதில் சேர்ந்தது மிகப் பிந்தி. 2020 ஜனவரியில் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள், இழுபடும்போது நிறம் மாறும் இழைகளால் முடிச்சுகளைப் போட்டு, எந்த இடத்தில் எவ்வளவு இறுக்கம் விழுகிறது என்பதைக் கண்ணுக்குத் தெரியும்படி காட்டி சயன்ஸ் இதழில் வெளியிட்டார்கள். எத்தனை இடத்தில் கயிறு கயிற்றைக் கடக்கிறது, கடக்கும் இடங்களில் இழைகள் எதிரெதிராக முறுக்கப்படுகின்றனவா, அடுத்தடுத்த பகுதிகள் எதிர்த்திசையில் ஒன்றையொன்று உரசி ஓடுகின்றனவா என்ற மூன்று விஷயங்களைக் கொண்டு ஓர் இணைப்பு முடிச்சு எவ்வளவு தாங்கும் என்று ஒப்பிட முடியும் என்பது அவர்கள் முடிவு. ஒரே முறுக்கை இரண்டு முறை போடும் பிசகு முடிச்சைவிடச் சதுர முடிச்சு ஏன் மேல், அதையும்விட மேலானவை ஏன் இருக்கின்றன என்பதற்கு அது காரணம் தருகிறது. அருமையான வேலை. தொழில்கள் தந்த தரவரிசை அதில் பெரிதாகப் புரண்டுவிடவில்லை என்பதை அந்த ஆய்வின் குறையாக அல்ல, தொழில்களின் பெருமையாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஏடு எதற்கும் உதவவில்லை என்று சொல்லிவிட்டால் அது அநியாயம். 1978 அக்டோபர் 6ஆம் தேதி லண்டனின் தி டைம்ஸ் நாளிதழ் முதல் பக்கத்தில், எட்வர்ட் ஹண்டர் என்ற ஓய்வுபெற்ற மருத்துவர் இரண்டு கயிறுகளை இணைக்கப் புதிய முடிச்சு ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார் என்ற செய்தி வந்தது. வழுக்கும் நைலானிலும் நன்றாக நிற்கும் முடிச்சு அது. பிறகுதான் தெரிந்தது, அமெரிக்கரான ஃபில் ஸ்மித் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ துறைமுகத்தில் வேலை பார்த்தபோது அதே முடிச்சைக் கண்டு, 1950களில் மலையேறிகளுக்கான சிறு நூலில் எழுதியும் வைத்திருந்தார் என்பது. அச்சில் இருந்ததால்தான் அவருக்கு உரிய முதன்மை மீண்டது. அந்தச் செய்தி கிளப்பிய ஆர்வத்தில் 1982இல் லண்டனில் முடிச்சு வல்லுநர்களுக்கென்று ஒரு பன்னாட்டுச் சங்கமும் தோன்றியது. ஏடு யாருக்கு முதன்மை என்பதைக் காக்கும். ஆனால் ஸ்மித்துக்கு முன் எந்தத் துறைமுகத்திலாவது எந்தத் தொழிலாளியாவது அதைப் போட்டுக்கொண்டிருந்தாரா என்ற கேள்விக்கு அச்சால் பதில் சொல்ல முடியாது. அச்சில் இல்லாததால் இல்லை என்று சொல்லும் உரிமையும் அதற்குக் கிடையாது.

வலை முடிச்சையும் குறையற்றதாக நான் ஆக்கிவிடக் கூடாது. பாரம் இல்லாமல் காற்றில் ஆடினால் அது தளர்ந்துவிடும். ஆகவே மாலுமிகள் இன்னொரு சுற்றுக் கூட்டிப் போட்டார்கள். நிரந்தரமாக இணைக்க வேண்டிய கப்பல் கயிறுகளுக்கு அவர்கள் முடிச்சையே விட்டுவிட்டு, இரு நுனிகளின் புரிகளைப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று கோத்தார்கள், ஏனென்றால் எந்த முடிச்சும் கயிற்றின் வலுவில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மலையேறிகள் பாறையிலிருந்து இறங்க இரண்டு கயிறுகளைச் சேர்க்கும்போது, இரண்டு நுனிகளையும் ஒன்றாகப் பிடித்து ஒரே சாதாரண முடிச்சைப் போட்டு, நீண்ட வால் விடுகிறார்கள். பார்த்தால் பயம் தரும் அந்த முடிச்சுக்கு அமெரிக்க மலையேறிகள் ஐரோப்பிய மரணமுடிச்சு என்றே பெயர் வைத்தார்கள். ஆனால் கயிற்றைக் கீழிருந்து இழுத்தெடுக்கும்போது அது ஒரு பக்கமாகப் புரண்டு பாறை விளிம்பில் சிக்காமல் தாண்டிவிடுகிறது; இறுக்கிப் போட்டு வாலும் போதிய நீளம் விட்டால் நிற்கிறது. இங்கேயும் தீர்ப்புச் சொன்னது பாறைதான்.

1950களுக்குப் பிறகு நைலான் வந்தபோது வலை முடிச்சு தன் மிகக் கடினமான சோதனையைச் சந்தித்தது. பருத்தி நூலில் நனைந்ததும் இறுகிய முடிச்சு, வழவழப்பான இழையில் நழுவத் தொடங்கியது. விடையாக வந்தது புதிய முடிச்சு அல்ல. மாலுமிகள் கூட்டிய அந்த இன்னொரு சுற்றும், முடிச்சு விழுந்த பிறகு வலையை இழுத்துச் சூடேற்றி இறுக்கும் ஆலைமுறையும்தான். நூற்பாலையில் கதை வேறு விதமாக முடிந்தது. பின்னலாடை இயந்திரத்தின் ஊசியில் முடிச்சு மோதினால் துணியில் ஓட்டை விழும், ஊசியும் உடையும். திருப்பூர் கேட்டது முடிச்சில்லாத நூலை. அழுத்தக் காற்றால் இரு நுனிகளின் இழைகளைப் பிரித்து ஒன்றாகக் கலக்கும் ஸ்ப்ளைசர் தானியங்கி வைண்டிங் இயந்திரங்களோடு வந்ததும் நாட்டர் கருவி கைகளிலிருந்து இறங்கிவிட்டது. அதை அணிந்து நின்றவர்கள் எந்த நூலுக்கு எந்த முடிச்சு, எவ்வளவு வால் என்று அறிந்து வைத்திருந்ததைக் கேட்டு எழுத இன்னும் நேரம் இருக்கிறது, அவர்களில் பலர் நம்மோடு இருக்கிறார்கள். கடற்கரையில் அப்படி ஒரு முடிவு வரவில்லை. ஆலையிலிருந்து வலை வண்டி வண்டியாக வந்தாலும், பாறையில் கிழிந்த வலையை இயந்திரத்தில் கொடுத்துத் தைக்க முடியாது. கிழிந்த கண்களைக் கத்தியால் சீராக வெட்டி, மேலிருந்து தொடங்கி, நூல் தீர்ந்த இடத்தில் புது நூலைச் சேர்த்து, கரையிலேயே உட்கார்ந்து ஊசியும் கட்டைவிரலும் கொண்டு மூடுகிறார்கள். அந்த வேலைக்குக் கூலி தனி.